ஐரின் கழற்றிய பூட்டு

மணிக்கணக்கில் சிறுநீரை அடக்கிக்கொண்டு, நின்றபடியே வேலை பார்த்திருக்கிறீர்களா?

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலை. அங்கே பெண்களின் கழிவறை பூட்டியே கிடக்கும். ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் திறப்பார்கள். சாவி சூப்பர்வைசர் ஐரினின் இடுப்பில் தொங்கும்.

ஐரினுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

“எக்கா, ஒங்க மாப்ள எந்த ஸ்டேஷன்ல எறங்கிட்டாரு?” என்பாள் மெஷின் ஓட்டும் முத்துப்பேச்சி.

“வண்டி லேட்டுடி” என்று சிரிப்பார்.

ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று இருபது வருடங்களுக்கு முன்பே அவர் வார்த்தைப்பாடு கொடுத்திருந்தார். மடம் இல்லை, கன்னியாஸ்திரி உடுப்பும் இல்லை. வாடகை அறையில் குடியிருந்து, உழைக்கிறவர்களோடு உழைத்து, கிறிஸ்துவுக்காக வாழ்வது. அதைத் தம்பட்டம் அடிக்காதிருப்பது. அவர் சேர்ந்திருந்த குழுவின் வழக்கம் அது.

ஒரு சித்திரை மதியம் முத்துப்பேச்சி மெஷின் அருகே மயங்கி விழுந்தாள். முகத்தில் நீர் தெளித்தார் ஐரின்.

“காலையிலருந்து தண்ணி குடிச்சியாடி?”

“குடிச்சா போகணும்லக்கா. ரெண்டு தடவ முடிஞ்சிருச்சு.”

இரண்டு வருடங்களாக அந்தக் கதவைப் பூட்டியது தன் கைதானே என்று ஐரினுக்கு உறைத்தது. நேராகப் போனார். பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, சாவியோடு மேனேஜர் ஸ்டீபன்ராஜின் மேஜைமேல் வைத்தார்.

ஸ்டீபன்ராஜ் ஐரின் போகும் அதே தேவாலயத்துப் பங்கைச் சேர்ந்தவர், வார்த்தைப்பாட்டு விஷயம் தெரிந்தவர். எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: “கீழ்ப்படிதல்னு சாமிகிட்ட வார்த்தைப்பாடு குடுத்து, கல்யாணம் வேணாம்னு இருக்கிறவதான நீ? பூட்டச் சொன்னா பூட்ட வேண்டியதுதான?”

“அது ஆண்டவருக்குக் குடுத்தது சார். மில்லுக்குக் குடுக்கல.”

“அப்ப மெஷினுக்குப் போ. சூப்பர்வைசர் சம்பளம் கெடையாது.”

“போறேன் சார்.”

ஏழ்மைக்கு வாக்குக் கொடுத்தவரைச் சம்பளத்தைக் காட்டி மிரட்டுவது வீண் வேலை. சூப்பர்வைசர் கோட்டைக் கழற்றி, மடித்து, பூட்டின்மேல் வைத்துவிட்டு நடந்தார்.

வானத்தில் ஒருவர் இருக்கிறாரோ இல்லையோ, கழிவறைக் கதவில் பூட்டு இருந்தது. அதைக் கழற்ற ஒரு மனுஷியின் கை வேண்டியிருந்தது.

மறுநாள் சாவியை இன்னொரு தொழிலாளியான தமிழ்மதியிடம் நீட்டினார் ஸ்டீபன்ராஜ். “எனக்கு வேணாம் சார்” என்றாள். அடுத்தவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பூட்டு மேஜையிலேயே கிடந்தது.

முத்துப்பேச்சி தண்ணீர் பாட்டிலோடு ஐரினின் மெஷின் பக்கம் வந்தாள். “மாப்ள பேர மொதல்லயே சொல்லிருக்கலாம்லக்கா.”

நாளைக்கு வேலைக்குப் போனதும் பெண்களின் கழிவறைப் பக்கம் விசாரியுங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். உங்களிடமே இருந்தால், பூட்டைக் கழற்றுங்கள்.