பெருக்கினால் குறைகிற கணக்கு

பெரியவர்களுக்குக் கணக்குப் படிப்பிப்பது தனித் தொழில். பிள்ளைகள் என்றால் அதட்டலாம், இவர்களுக்கு முதலில் தேத்தண்ணி கொடுக்கவேண்டும். வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைகளில் அப்படியொரு வகுப்பு நடத்துகிறேன். நீங்களும் ரியூசன் கொடுக்கிறவர் என்றால், மேலே வாசிக்காமலே என்னில் இரக்கப்படுவீர்கள்.

கூட்டுறதா, பெருக்குறதா

கொட்டாஞ்சேனை ராணி சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை இரண்டு தரம் கோட்டைவிட்டவள். முப்பது வயதில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நுழைவுச் சோதனையில் தசமப் பெருக்கல் கட்டாயம் வரும். இது சரிவராவிட்டால் திரும்பவும் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கவேண்டியதுதான் என்றாள்.

0.5ஐ 0.5ஆல் பெருக்கினால் 0.25 என்று பலகையில் எழுதினேன். பெருக்கினால் கூடத்தானே வேண்டும், இது எப்படிக் குறைந்தது என்று மல்லுக்கு நின்றாள். பாதிப் பாணில் பாதி கால் பாண்தானே என்றேன். கொஞ்சம் யோசித்து, வீட்டைப் பெருக்கினால் குப்பை குறைகிற மாதிரியா என்று கேட்டாள். நாங்கள் யாழ்ப்பாணத்தார், வீட்டைக் கூட்டுவோம் என்று வாயை விட்டுவிட்டேன். ராணி என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"கூட்டுனா குறையுமா டீச்சர்? உங்க ஊர்க் கணக்கு இன்னும் கஷ்டமால்ல இருக்கு."

நளீம் நானாவின் மேசை

நளீம் நானாவுக்கு மருதானையில் கண்ணாடிக் கடை. கல்குலேட்டர் இல்லாமல் அவருக்கு ஒன்றும் ஓடாது. வாடிக்கையாளர் முன்னால் அதைத் தேடுவது வெட்கமாக இருக்கிறதென்று வகுப்பில் சேர்ந்தார். அவருக்கென்றே ஒரு கணக்குக் கொடுத்தேன்: மேசைக் கண்ணாடி, நீளம் 1.2 மீற்றர், அகலம் 0.8 மீற்றர். பன்னிரண்டை எட்டால் பெருக்கித் தொண்ணூற்றாறு என்று சரியாகத்தான் எடுத்தார். இரண்டு தானம், அதாவது இரண்டு இடம், தள்ளவேண்டிய புள்ளியை ஒரு தானம் மட்டும் தள்ளி, 9.6 சதுர மீற்றர் என்று எழுதினார்.

அப்படியொரு மேசையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். நானா அசரவில்லை.

"ஊட்டுக்குள்ள வைக்க ஏலா டீச்சர். கலியாண ஹோலுக்கு வாடகைக்குக் குடுப்போம்."

ஊசி மருந்து

சோதனை நெருங்கியபோது ஒரு மாதிரித் தாள் கொடுத்தேன். ஒரு தடவைக்கு 0.25 மில்லிலீற்றர் மருந்து, ஆறு தடவைக்கு எவ்வளவு? ராணி 15 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்த நானா எட்டிப் பார்த்து, தான் வருத்தம், காய்ச்சலென்று அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தால் ராணி அன்றைக்கு லீவில் நிற்கவேண்டும் என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அடுத்த சனி ராணி வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. நானாவுக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. கடைசியில் என் போனை வாங்கி அவரே ராணிக்கு எடுத்து, தான் பகிடிக்குத்தான் சொன்னதென்று மன்னிப்புக் கேட்டார். ஸ்பீக்கரில் ராணியின் குரல் மெதுவாக வந்தது.

"நீங்க சொன்னதுக்கு இல்ல நானா. நெசமாவே ஒருத்தருக்கு அப்படிக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சேன். தூக்கமே வரல."

கடைசிச் சைபர்

அவள் திரும்பி வந்தபோது புதுப் பழக்கமொன்றைத் தொடங்கினோம். பெருக்க முதல், விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று வாயால் சொல்லவேண்டும். கால் மில்லிலீற்றரை ஆறு தரம் எடுத்தால் ஒன்றரை. அப்படியானால் பதினைந்து எங்கிருந்து வரும்? ராணி இதைப் பிடித்துக்கொண்டாள். கொட்டாஞ்சேனை பஸ்ஸில் கூட முணுமுணுத்துக்கொண்டு வருவதாகக் கேள்வி.

சோதனை முடிந்ததும் பஸ் ஹோல்ட்டில் நின்று எனக்குப் போன் எடுத்தாள். 0.35ஐ 0.4ஆல் பெருக்கச் சொல்லியிருந்தார்களாம். மூன்று தானம் எண்ணி 0.140 என்று எடுத்திருக்கிறாள். கடைசிச் சைபருக்குப் பெறுமதி இல்லை, 0.14 என்றே விட்டிருக்கலாமே என்றேன்.

"தெரியும் டீச்சர். ஆனா நான் போட்ட சைபர், விட்டுட்டு வர மனசு கேக்கல."

பெறுபேறு

ராணி தெரிவாகிவிட்டாள். செய்தி வந்த சனிக்கிழமை நளீம் நானா தன் செலவில் வட்டிலப்பம் கொண்டுவந்து, முதல் துண்டை அவளுக்குக் கொடுத்தார். இனித் தான் எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்குப் பயமில்லாமல் வரலாம் என்று அவளிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், பெருக்கல் முடிஞ்சிட்டு. இனி நாங்க ஊட்டுக்குப் போகலாம்தானே?"

அடுத்த கிழமையே தசம வகுத்தலைத் தொடங்கிவிட்டேன். பெருக்கலில் தப்பியவர்கள் எல்லோரும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள், அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற நானும் சேர்த்துத்தான்.