ஒட்டுப்பால் மணக்கும் ஜீப்

என் மனைவி நடந்து போகிற தூரம்வரைதான் எங்கள் உலகம் இருந்தது. பஸ்ஸோ காரோ ஆட்டோவோ, ஏறிய ஐந்தாவது நிமிடம் அவளுக்கு வயிறு புரட்டும். கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த காரை வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினோம். பட்டுப்புடவையோடு ரோட்டோரம் குனிந்து நின்றவளின் தலையை நான் பிடித்துக்கொண்டேன். தாலி கட்டியதற்குப் பிறகு அவளைத் தொட்டது அப்போதுதான்.

மாத்திரை போட்டுப் பார்த்தோம். முன் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தோம். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போகச் சொன்னார்கள். கடைசியில் எலுமிச்சம்பழத்தைக் கண்டாலே குமட்டும் என்றாகி, எங்கள் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய்கூடக் கிடையாது. செங்கல் ஊர்க் கோயிலுக்கு நடப்பாள். பாறசாலை ஆஸ்பத்திரிக்கு நடப்பாள். பிரசவத்துக்கும் முந்தின நாளே நடந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் ரப்பர் வெட்டுகிறவன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. கேரள எல்லையில் கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் எங்களுக்கும் ரப்பர் மரம் இருந்தது. நான் பால் எடுத்து வருவேன். அவள் அதை உறைய வைத்து, மெஷினில் ஷீட்டாக அடித்து, கொட்டகையில் புகை போடுவாள். எங்கள் துணி, தலையணை, மகளின் புத்தகம் எல்லாவற்றிலும் அந்தப் புகையும், மரத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துச் சாக்கில் கட்டும் ஒட்டுப்பாலின் நாற்றமும் இருக்கும். எங்களுக்கு அது தெரியாது. வருகிறவர்கள் மூக்கைத் தேய்ப்பதைப் பார்த்துத்தான் தெரியும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், சீவிச் சீவிப் பட்டை தீர்ந்துபோன அந்த மரங்களை வெட்டி விற்றோம். லாரி போன மறுநாள் காலையில் அவள் அடுக்களைப் பின்பக்கம் நின்று கூப்பிட்டாள்.

“கேட்டியளா, இஞ்ச வாருங்க. இது எப்ப வந்து?”

மலை. வெள்ளறடைக்கு அப்பால், நீலமாக, தோளில் ஒரு துண்டு மேகத்தைப் போட்டுக்கொண்டு நின்றது. இத்தனை வருடமும் இலைகளுக்குப் பின்னால் அங்கேயே நின்றிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பல்கூடத் தேய்க்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்டிய இடத்தில் புதுக்கன்று வைத்தேன். கன்று ஆறேழு வருடத்தில் வளர்ந்து மலையை மறுபடியும் மூடிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“அங்க ஏறி நின்னா நம்ம வீடு தெரியுமா?” என்று ஒருநாள் கேட்டாள். பிறகு தினமும் கேட்டாள். நான் விடியுமுன்னே அடுத்தவர்களின் தோட்டத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகும்போது, கை பட்டையைச் சீவும். மனம் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒன்றும் ஆகாது. வளைவு வந்துகொண்டே இருக்கும், முடியாது. கிண்ணத்தில் பால் சொட்டும் சத்தம் கேட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவேன்.

மரம் விற்ற பணத்தில் ஒரு பழைய வண்டி வாங்கலாம் என்று சொன்னபோது, ஆட்டோ ஓட்டும் என் மச்சினன் சிரித்தான்.

“அக்கா வாந்தி எடுக்காத வண்டி ஒண்ணே ஒண்ணு உண்டு அத்தான். மாட்டுவண்டி.”

“நீ போலே,” என்றாள் அவள். “ஒனக்க ஆட்டோவுல ஏறினா மாடே வாந்தி எடுக்கும்.”

ஆனாலும் வண்டி விஷயத்தில் அவன்தான் எங்களுக்கு வழிகாட்டி. மலைக்குப் போகும் வழி பாதிக்குமேல் உருளைக்கல், மழை பெய்தால் சேறு. அதனால் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும் என்றான். எனக்கு ஓட்டத் தெரியும், ஷீட் வியாபாரி ஒருவரின் பிக்கப்பைச் சில வருடம் ஓட்டியிருக்கிறேன். பேசத்தான் வராது. புது ஆள் முன்னால் நின்றால் என் நாக்கு உள்ளே சுருண்டுகொள்ளும். விலை கேட்பது, ஓட்டிக் காட்டச் சொல்வது எல்லாம் மச்சினனும், நர்சிங் படிக்கும் மகளும்தான்.

முதல் வண்டி நெய்யாற்றங்கரைப் பக்கம். நாங்கள் இருவரும் நடந்து போனோம். அவர்கள் ஆட்டோவில் வந்தார்கள். வண்டி கண்ணாடிபோல் பளபளத்தது. உள்ளே புதுச் சீட் உறை, கண்ணாடிக்குக் கீழே ஒரு சென்ட் குப்பி. அவள் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினாள். எங்கள் வழக்கம் அதுவாகிவிட்டது: வண்டி நின்றபடி நிற்க, அவள் கண்ணை மூடி, மனதுக்குள் போய்ப் பார்ப்பாள். விற்கிறவர் மகளிடம் கிசுகிசுத்தார்.

“அம்மா பிரார்த்தனையா?”

“இல்ல அங்கிள். மலை ஏறுதாங்க.”

அரை நிமிடம்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இரண்டாவது பாறசாலையில். மச்சினன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து மண்ணைத் தட்டினான். “முன் ஷாஃப்ட்டைக் காணும் அத்தான். டீசல் மிச்சம் பிடிக்க கழட்டிப் போட்டிருக்கு. ரெண்டு வீலு இழுக்கும், மத்த ரெண்டும் கூட வரும், ஒம்மைப் போல.” அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. வாசலில் நின்றே தலையை ஆட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் யாரும் வண்டிப் பேச்சை எடுக்கவில்லை. மலை மட்டும் தினமும் காலையில் வந்து நின்றது.

மூன்றாவது வண்டி வெள்ளறடையில். மூன்று மணி நேரம் நடந்தோம். மச்சினன் எங்களுக்குப் பக்கத்திலேயே ஆட்டோவை உருட்டிக்கொண்டு, “பாதயாத்திரைக்காரங்களே, தண்ணி வேணுமா?” என்று கேட்டுக்கொண்டு வந்தான். வயசான ஒரு ரப்பர் வியாபாரியின் ஜீப் அது. பின்னால் தார்ப்பாய் மூடி, பக்கமெல்லாம் திறந்தது. இருபது வருடம் ஷீட்டும் ஒட்டுப்பாலும் சுமந்த வண்டி. பத்தடி தூரத்திலேயே மகள் துப்பட்டாவால் மூக்கை மூடினாள். மச்சினன் அடியில் போய்ப் பார்த்துவிட்டு, “ஷாஃப்ட் உண்டு. கியரும் கொள்ளாம், நல்லா விழுது. மூக்கு மட்டும் போயிரும்,” என்றான்.

அவள் ஏறினாள். கண்ணை மூடினாள். நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம். வியாபாரியின் வீட்டுக்காரி கொண்டுவந்த சாயாவைக் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தோம். அவள் இறங்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். கன்னத்தைக் கம்பியில் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டா அங்கிள்?” என்று மகள் கேட்டாள். நான் ஸ்டார்ட் செய்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே மேலே ஏறும் செம்மண் வழியில் பைய ஓட்டினேன். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டாவது கம்பியைப் பிடித்து இழுத்ததும் முன்சக்கரமும் சேர்ந்து மண்ணைக் கவ்வியது கைக்குத் தெரிந்தது. இலை நிழல் அவள் முகத்தில் வந்து வந்து போனது. விடியுமுன்னே நான் மனதில் ஓட்டிய அதே வளைவுகள் மாதிரி இருந்தது. திரும்பி வந்து முற்றத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தபோதுதான் விழித்தாள்.

“எப்ப போவோம்?”

“போயிட்டு வந்தாச்சு எம்மா!” மகள் கையைத் தட்டினாள்.

எல்லாம் பேசி முடிந்தது. புறப்படும்போது வியாபாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாத்தத்த நினைச்சு விஷமிக்காண்டாம், கவலையே வேண்டாம். வண்டிப் பேப்பர் ஒங்க பேருக்கு மாறி வாறதுக்குள்ள நல்லா கழுவி, உள்ள புது பாய் போட்டு, சென்டும் அடிச்சுத் தாறேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கழுவாதீர்கள், என் மனைவிக்கு இந்த நாற்றம்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அவர் என்ன நினைப்பார்? அவருடைய வீட்டுக்காரியும் பார்த்துக்கொண்டு நின்றாள். “ம்,” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஜீப் எங்கள் முற்றத்துக்கு வந்தது. சொன்னபடியே செய்திருந்தார் பாவம். தார்ப்பாய்கூடப் புதுசு. உள்ளே மல்லிகைப்பூ சென்ட். அவள் குளித்து, புதுப்புடவை கட்டி, படியில் ஒரு காலை வைத்தாள். அப்படியே எடுத்துவிட்டாள். அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். அன்று அவள் பின்பக்கம் வந்து மலையைப் பார்க்கவில்லை.

கழுவ வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று மகள் கேட்டாள். ஒரு வார்த்தைதான். அதை நான் சொல்லவில்லை.

மறுநாள் மழை. எங்கள் மரம் போய்விட்டதால் எங்களிடம் ஒட்டுப்பால் கிடையாது. குடையோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு, தோட்டம் வைத்திருக்கும் முதல் வீட்டுக்குப் போனேன். வாசல் படலைக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

“எந்தா?”

“ஒட்டுப்பால் இருந்தா தாருங்க. கடைக்குக் கொண்டு போய்க் குடுக்கேன். கூலி வேண்டாம்.”

“கூலி வேண்டாமா? ஒமக்கு எந்து பற்றி, என்ன ஆச்சு? சுகமில்லையா?”

காரணத்தைச் சொன்னேன். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் சிரித்த சிரிப்பு மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஆனால் இரண்டு சாக்கை எடுத்து வந்து அவரே வண்டியில் போட்டார். அடுத்த வீட்டில் எனக்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. “எனக்க சாக்கு பழசாக்கும், நல்ல நாறும், ஸ்பெஷல்,” என்று தந்தார்கள். மழைக்காலம் முழுவதும் ஊரின் ஒட்டுப்பால் என் வண்டியில்தான் போனது. சாக்குகளை உடனே இறக்காமல் ஒரு ராத்திரி வண்டிக்குள்ளேயே வைப்பேன். காலையில் எழுந்து போய் மூக்கை நீட்டிப் பார்ப்பேன். எனக்கு என்ன தெரியும், எனக்கு அது காற்று மாதிரி.

சாயங்காலம் அவள் வந்து படியில் கால் வைப்பாள். “மல்லிகை இன்னும் உண்டு,” என்பாள். அடுத்த வாரம், “கொஞ்சம்போல உண்டு.” ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். மழை தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்தது. நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நின்ற வண்டியிலேயே இருட்டும்வரை இருந்தோம்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் புறப்பட்டோம். “இந்தத் தடவை நான் உறங்க மாட்டேன்,” என்று சொல்லி ஏறினாள். வெள்ளறடைவரை கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். அதன்பிறகு ஒரு கையை எடுத்து வெளியே நீட்டி, காற்றைத் தொட்டுக்கொண்டே வந்தாள். சேறு வந்த இடத்தில் நாலு சக்கரத்துக்கும் மாற்றினேன். வண்டி உறுமி, நின்று, யோசித்து, ஏறியது. பின்னால் மச்சினன், “அத்தான், பைய, பைய, எனக்கு வயிறு ஒருமாதிரி இருக்கு,” என்றான். அவள் திரும்பித் தன் முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையை அவனுக்குக் கொடுத்தாள்.

மேலே நிறையப் பேர் வந்திருந்தார்கள். எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த காரை ஒருவர் எடுத்துத் தள்ளி நிறுத்தினார். கீழே எல்லாம் பச்சை, அதற்குள் பனிமஞ்சு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அது விலகிய இடங்களில் மரம் வெட்டிய செம்மண் துண்டுகள் தெரிந்தன. ஒன்றல்ல, ஆறேழு.

“அதாக்கும் நம்ம வீடு,” என்று ஒன்றைக் காட்டினாள்.

“எக்கா, அது தமிழ்நாடு,” என்றான் மச்சினன், ஒரு பாறையில் தலையைக் கவிழ்த்தபடி.

“நீ ஒன் வயித்தப் பாரு. எனக்க வீட்ட எனக்குத் தெரியாதா?” அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “அடுக்களைப் பொறத்தால நின்னு யாரோ இஞ்ச பாக்குத மாதிரி இருக்கு.”

மஞ்சு மூடிக்கொண்டது. அவள் மெதுவாகத் திரும்பினாள். எங்களுக்குப் பின்னால், கிழக்கே, எங்கள் முற்றத்திலிருந்து ஒருநாளும் தெரியாத இன்னொரு மலை நின்றது, இதைவிட உயரமாக.

“அதுக்கு ரோடு உண்டா?” என்று என்னிடம் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. மகள் போட்டோ எடுக்கத் தூரமாகப் போயிருந்தாள். காரைத் தள்ளி நிறுத்தியவர் இன்னும் மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். நான் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவரிடம் கேட்க நடந்தேன்.