இது இழை இல்ல!

வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளக் கற்றுக்கொடுப்பது என் வேலை. நோயோடு போடும் சண்டையைவிட, கிருமி பறக்காமல் இருக்க ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போடும் சண்டைதான் அதிகம். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற நர்ஸ் தோழிகளே, உங்களுக்குத் தெரியாததா?

வியாழக்கிழமை

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஏகாம்பரம் அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. சென்னையில் திரும்பின பக்கமெல்லாம் கிட்னி டாக்டர். எங்கள் ஊருக்கு வியாழன்தோறும் ஒருவர் வந்து போகிறார். வயிற்றில் வைத்த குழாய் வழியே மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்க அண்ணன் மனைவி சரசு அக்கா கற்றுக்கொண்டால், அண்ணன் வீட்டோடு, தறியோடு இருக்கலாம். இல்லையென்றால் சென்னையில் மச்சான் வீட்டில் தங்கி, ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் போக வேண்டியதுதான். எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்:

"டாக்டருக்கு வியாழக்கெழம, சரி. கிட்னிக்கு கெழம தெரியுமாம்மா?"

சாம்பல்

சரசு அக்கா பாவு எனும் நெடுக்கிழைகளைப் பிணைப்பவர். தறியில் பழைய இழையோடு புது இழையைச் சேர்த்து முறுக்கும்போது விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார். முதல் நாள் பாடம். சோப்புப் போட்டுக் கை கழுவினார், மாஸ்க் மாட்டினார், எல்லாம் அழகு. குழாயை மருந்துத் தண்ணீர்ப் பையோடு சேர்க்கும் நேரம், விரல் தானாகப் போய் ஜன்னலோரச் சிரட்டையில் இருந்த சாம்பலைத் தொட்டது!

நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுத் தறி நின்றுவிட்டது. உள்ளே கிருமி போனால் வயிறு புண்ணாகும், அப்புறம் சென்னைதான். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன்தான் சிரித்தார்:

"இன்னாடி, என்னையும் பாவுன்னு நெனச்சிக்கினியா?"

பரீட்சை

சிரட்டையைத் தூக்கி மாடியில் வைத்தோம். விரல் விடவில்லை, காலி ஜன்னலைத் தேடிக்கொண்டு போனது. வியாழக்கிழமை டாக்டர் முன்னால் செய்து காட்ட வேண்டும். கை கழுவி, குழாயை எடுத்தார். விரல் ஜன்னல் பக்கம் அசைந்தது. அக்கா மாஸ்க்குக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, நேராகக் குழாயைச் சேர்த்தார். டாக்டர், "வீட்லயே செய்யலாம். அது என்னம்மா மந்திரம்?" என்றார்.

"மந்திரம் இல்ல சார். 'இது இழை இல்ல'ன்னு வெரலுக்கு சொல்லிக்கினு இருக்கேன்."

தென்னேரி

தென்னேரி கிராமத்துக்கு வியாழக்கிழமை டாக்டர்கூடக் கிடையாது. அங்கிருந்து கணவருக்காகக் கற்றுக்கொள்ள வந்த பூக்கட்டும் பெண்ணை, பார்த்துப் பழகட்டும் என்று அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். உள்ளே அண்ணன் தறி சத்தம். அந்தப் பெண் கை கழுவி முடித்ததும் அக்கா அவள் விரல்களையே உற்றுப் பார்த்தார்:

"பூவுக்குத் தண்ணி தெளிக்கிற வெரலாச்சே. அத மொதல்ல கட்டிப்போடும்மா!"

ஆக, எங்கள் பக்கம் கிட்னி டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான். ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கத்த இப்போது நானும் சரசு அக்காவுமாக இரண்டு பேர்.