முப்பதாம் நம்பர்

ஹைஸ்கூலில் நான் படித்தது மொத்தம் ஐந்து நாள். வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நாலு வருஷம், கடைசியில் போட்டோ எடுத்த அன்று ஒரு நாள். ஆனாலும் அந்த வகுப்புக்காரர்கள் எங்கே கூடினாலும், கல்யாண வீடானாலும் காதுகுத்தானாலும், பந்தியில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, "ஏலே முப்பது, இங்கிட்டு வா!" என்று கத்துகிறார்கள். எனக்கு வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டது. இன்னும் காது சிவந்து போகிறது.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் போகிற ரோட்டில் இருக்கிறது. நான் ஐந்தாவது முடித்த வருஷம்தான் ஊருக்கு ஹைஸ்கூல் வந்தது. முதல் வருஷம் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு மட்டும். அந்த வகுப்புப் பையன்கள் ஏற ஏறப் பள்ளிக்கூடமும் ஒவ்வொரு பாரமாக ஏறும் என்று ஏற்பாடு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வகுப்பில் முப்பது பேர் இருக்க வேண்டும். ஒருவன் குறைந்தாலும் அடுத்த பாரம் கிடையாது. மேலே படிக்க வேண்டியவன் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும். திண்டுக்கல்லுக்கு அனுப்பிப் படிக்க வைக்கிற வீடு எங்கள் ஊரில் மூன்றோ நாலோதான். மற்ற பையன்கள் என்னைப்போல மாட்டைப் பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான்.

என்னோடு ஐந்தாவது படித்தவர்களில் பாதிப் பேர் அங்கே சேர்ந்தார்கள். நான் சேரவில்லை. எங்கள் தக்காளித் தோட்டத்துக் கிணற்றில் அண்ணன் ஒருவனால் சமாளிக்க முடியவில்லை. வருத்தம் என்று சொல்ல மாட்டேன். வாத்தியார் இனிமேல் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார் என்று உள்ளூரச் சந்தோஷம்தான்.

பள்ளிக்கூடம் சரியாக முப்பது பேரோடு தொடங்கியது. வகுப்பில் ஒரே சாமி பேரை நாலைந்து பேர் வைத்திருந்ததால் வாத்தியார் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். பையன்களும் அப்படியே பழகிவிட்டார்கள். இரண்டாவது மாதம் முப்பதாம் நம்பர் பையன் தாய்மாமனோடு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான். மறுநாள் இன்ஸ்பெக்டர் வருவதாக அடுத்த வாரமே கடிதம் வந்தது.

அன்று சாயங்காலம் வகுப்பு வாத்தியார் எங்கள் கிணற்றடிக்கு வந்தார். கூடவே ஏழாம் நம்பர். அவன் பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருந்த பாயின் மகன். என் பக்கத்துப் பெஞ்சில் ஐந்து வருஷம் உட்கார்ந்தவன்.

"ஏலே, கிழியாத சட்டை இருக்கா ஒனக்கு?" என்றார் வாத்தியார்.

"இருக்குங்கய்யா."

"நாளைக்கு ஒருநா வந்து ஒக்காரு. முப்பதுன்னு கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா' சொல்லு. வேற ஒண்ணும் பேசக் கூடாது."

"அதுக்குப் பயப்படாதீங்க சார்," என்றான் ஏழு. "இவன் தேள் கொட்டுனாலும் பேச மாட்டான். நான் ஜாமீன்."

மறுநாள் நான் சொன்ன 'உள்ளேன் ஐயா' அணில் கத்தியதுபோல வெளியே வந்தது. "யாருக்குத் தொண்ட கட்டியிருக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார். முப்பது! அவர் போனதும் பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடைவரை ஓடினார்கள். ஏழின் அத்தா எல்லோருக்கும் ஆளுக்கொரு பன் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு.

இரண்டாம் வருஷம் எனக்கே தெம்பு வந்துவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து நடு பெஞ்சுக்கு வந்தேன். மூன்றாம் வருஷம் ஒரு சிக்கல் முளைத்தது. இனி இன்ஸ்பெக்டர்கள் பரீட்சைப் பேப்பர் கட்டையும் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பேச்சு வந்தது. முப்பதாம் நம்பருக்குப் பேப்பர் வேண்டுமே! பையன்களே பாடங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கணக்கை வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பன்னிரண்டு எடுத்துக்கொண்டான். இங்கிலீஷ் ஏழுக்கு. சரித்திரத்துக்கு ஒருவன், தமிழுக்கு ஒருவன். அவனவன் தனக்குக் கைவந்த பாடத்தை, சிநேகிதனுக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாது என்று, தன் பேப்பரைவிடத் திருத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டான்.

ரேங்க் போட்டார்கள். முப்பதாம் நம்பர் முதல் ரேங்க்.

பன்னிரண்டு மூச்சிரைக்கக் கிணற்றடிக்கு ஓடி வந்தான். "ஏலே, என்னைய முந்திட்டயேடா!"

"நான் கமலையிலல்லடா இருந்தேன்."

"அதுதான்டா எரிச்சலே! கமலையில இருந்துக்கிட்டே முந்தியிருக்க. அதுவும் நான் போட்டுக் குடுத்த கணக்க வச்சு!"

ஒரு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. என்னோடு பேசாமல் இருப்பது அப்படி ஒன்றும் சிரமமான காரியம் இல்லை என்பதால் எனக்கு அது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாலாம் பாரத்தில், மாசி மாதம், புது இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. எண்ணி முடித்ததும் போய்விடுவார் என்று பார்த்தால் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இந்த வகுப்புல முதல் ரேங்க் யாரு?"

வாத்தியார் கூரையைப் பார்த்தார். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"இங்கிலீஷ் புஸ்தகத்த எடு. ஏதாவது ஒரு பக்கம் வாசி."

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது டீக்கடைப் பலகையில் இருந்த மூன்று எழுத்துத்தான். ஏழாம் நம்பர் எழுந்தான்.

"ஐயா, அவன் இன்னிக்கு மௌன விரதம்."

"மௌன விரதமா? கொஞ்ச முன்னால 'உள்ளேன் ஐயா' சொன்னானே?"

"அதச் சொல்லிட்டுத்தாங்கய்யா ஆரம்பிச்சான்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "நல்ல பழக்கம். விரதக்காரன் எழுதலாமில்லயா? போர்டுல ஒம்பேர எழுது, பாப்போம்."

இதுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஐந்தாவதில் என் கையெழுத்தைத்தான் மற்ற வகுப்புக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டுவார்கள். சாக்பீஸை வாங்கி, சுழிக்கிற இடத்தில் சுழித்து, குண்டு குண்டாக, அழகாக என் பேரை எழுதினேன். என்னுடைய சொந்தப் பேரை. கடைசிப் புள்ளியை வைத்த பிறகுதான் ரிஜிஸ்டரில் இருப்பது பம்பாய் போனவன் பேர் என்று நினைவு வந்தது. பன்னிரண்டு பாய்ந்து வந்து தன் சட்டைக் கையாலேயே போர்டைத் துடைத்தான். "சாக்பீஸ் சரியில்லங்கய்யா," என்றான். இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரிஜிஸ்டரை மூடினார். ஹெட்மாஸ்டர் அறையில் போய்க் காப்பி குடித்தார்.

எனக்கு அங்கே நிற்கப் பயம். குறுக்கு வழியாகத் தோட்டத்துக்கு ஓடிவந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கமலையில் மாட்டைப் பூட்டினேன். எங்கள் இடத்து மாடு முரட்டு மாடு, திட்டினால்தான் நகரும். மனிதரிடம் பேசாத பேச்செல்லாம் நான் அந்த மாட்டிடம்தான் பேசுவேன். ஊருக்கே கேட்கிற குரலில் அதன் வம்சத்தை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தபோது ரோட்டோரம் ஜீப் நின்றது.

"விரதம் முடிஞ்சிருச்சா தம்பி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முடிஞ்சிருச்சுங்கய்யா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் திறப்பதுதான் கஷ்டம்; திறந்தால் மூடத் தெரியாது. பம்பாய் போனவன், கிழியாத சட்டை, இரண்டு பன், பங்கு போட்டு எழுதிய பேப்பர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு கோபித்துக்கொண்ட இடம் வந்ததும் அவர் ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி ஆகியிருந்தது.

"ஜூன் மாசம் அஞ்சாம் பாரம் தொறக்கிற அன்னிக்கு வருவேன். நெசமாவே முப்பது பேரு இருக்கணும். இல்லாட்டி நாலாம் பாரத்தோட சரி. ஒங்க வாத்தியார்ட்ட சொல்லிரு."

மறுநாள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் அதை நான் சொன்னபோது ஒருவனும் என்னை அடிக்கவில்லை. ஏழு மட்டும், "இவன் பேச மாட்டான்னு ஜாமீன் குடுத்தது நாந்தானே, என்னைய மிதிங்கடா," என்றான். பன்னிரண்டு விரல்விட்டு எண்ணினான். திண்டுக்கல்லுக்குப் போக முடிந்தவர்கள் நாலு பேர். மற்ற இருபத்தைந்து பேருக்கும் படிப்பு முடிந்தது. அந்த இருபத்தைந்தில் அவனும் ஒருவன்.

நாலாம் பாரம் பாஸ் செய்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பத்து நாள் தேடினார்கள். ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

அந்தத் தை மாதம்தான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மதினி திண்டுக்கல் நாகல் நகரில் வளர்ந்தவர். மளிகைச் சாமான் சுற்றி வந்த காகிதத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவார்.

"என்ன கொழுந்தனாரே, வெஞ்சனத்தத் தொடவே இல்ல? மாடு எதுத்துப் பேசிருச்சா?" என்றார் ஒருநாள்.

சொன்னேன். பன்னிரண்டின் கோபத்தைக் கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் நாலாம் பாரம் பாஸு. மூணு வருசமாச்சு. டி.சி. எங்கம்மா பொட்டியில இருக்கு," என்றார். பிறகு மெல்ல, "பொம்பளையச் சேத்துக்கிருவாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் அய்யாவிடம் கேட்க வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை இருபத்தொன்பது பேரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். போராட்டம் என்று நினைத்து எங்கள் அய்யா துண்டை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். யார் பேசுவது என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஏழாம் நம்பர் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு, "மாமா, ஒங்க மருமகள எங்களுக்குக் குடுங்க," என்றான்.

உள்ளே அம்மா கையிலிருந்த சொம்பு விழுந்தது.

"படிக்கிறதுக்கு மாமா! படிக்கிறதுக்கு!" என்று மற்ற இருபத்தெட்டு பேரும் கத்தினார்கள்.

விஷயம் புரிய அய்யாவுக்குச் செத்த நேரம் ஆயிற்று. அண்ணனைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

"போகட்டும்யா," என்றான் அண்ணன். "அவ பேசுறது எனக்கு இப்பவே பாதிதான் புரியுது. மிச்சத்தையும் படிச்சிட்டு வரட்டும்."

"அம்மாவுக்கு முட்டி வலி. வீட்டு வேலைய யாரு பாப்பா?"

மதினி கதவுக்குப் பின்னால் நின்றது வளையல் சத்தத்தில் தெரிந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

"நான் பாக்குறேன்," என்றேன்.

"நீயா? சோறு வடிப்பியா?"

"வடிப்பேன்."

"கொழம்பு?"

"அதையும் வடிச்சிருவேன்."

அய்யா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் சரி என்று அர்த்தம். இருபத்தொன்பது பேரும் கூச்சல் போட்டதில் மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்துக் கட்டப் பொழுது சாய்ந்துவிட்டது.

ஜூன் மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். "முப்பது" என்று கூப்பிட்டதும் முன் பெஞ்சிலிருந்து, "உள்ளேன் ஐயா," என்று கணீரென்று ஒரு பெண் குரல் கேட்டதாம். ரிஜிஸ்டரைப் பார்த்தார், டி.சி.யைப் பார்த்தார், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "மௌன விரதம் இல்லயே?" என்று மட்டும் கேட்டாராம். நான் அப்போது வீட்டில் குழம்பைத் தீய விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே வாரத்தில் வகுப்பு முழுவதற்கும் அவர் மதினி ஆகிவிட்டார். சண்டை போட்டால் அதட்டுவார். நான் சமைத்து அனுப்பியதைப் பங்கிட்டுக் கொடுத்து, "திங்கிறவனுக்கு நோட்டு இரவல்," என்பார். நான் அடுப்பில் நிற்கிற நேரத்துக்குக் கமலைக்கு ஆள் வேண்டும் என்று பையன்கள் முறை வைத்துக் காலையில் தோட்டத்துக்கு வந்தார்கள். பன்னிரண்டின் முறை வந்தபோது மாடு அவனைச் சட்டை செய்யவே இல்லை. வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தான். அதற்கும் நகரவில்லை. அரைப் பரீட்சை வந்தது, ரேங்க் போட்டார்கள். முப்பதாம் நம்பர் முதல் ரேங்க். இந்தத் தடவை நியாயமாக.

"ஒங்க வீட்டுல இன்னும் யாரும் பாக்கி இருக்காங்களாடா?" என்று பன்னிரண்டு என்னிடம் வந்து கேட்டான்.

ஆறாம் பாரத்தில் மதினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு முன்னால் குரூப் போட்டோ எடுக்கத் திண்டுக்கல்லிலிருந்து ஸ்டுடியோக்காரர் வந்தார். ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஓரமாக நிற்கலாம் என்று. ஏழு என்னைப் பிடித்து இழுத்தான். "ஏலே பழைய முப்பது, புது முப்பது பக்கத்துல நில்லு."

ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தார். "லிஸ்ட்டுல முப்பதுன்னு போட்டிருக்கு. இங்க முப்பத்தொண்ணு இருக்கே?"

"சேத்து எடுங்க," என்றார் ஹெட்மாஸ்டர். "ஒண்ணு கொறஞ்சாத்தான் எங்களுக்குப் பயம்."

"அசையாதீங்க!" என்றார் ஸ்டுடியோக்காரர். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீல் என்று கத்தியது.

அந்தப் போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. அதில் ஹெட்மாஸ்டர் உட்பட எல்லோரும் என் பக்கம் திரும்பிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டின் வாய் திறந்திருக்கிறது. ஏழு நாக்கைத் துருத்திக் காட்டி விளையாட்டுக் காட்டுகிறான். நான் தரையைப் பார்க்கிறேன். முப்பதாம் நம்பர் ஒருவர் மட்டும், தலை நிமிர்ந்து, நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.