அந்து முட்டைத் தீனி

திண்டுக்கல்லுக்கு வெளியே, பொறிவண்டு வளர்க்கும் ஒரு கொட்டகையில் வேலை பார்க்கிறேன். பூசணிக்காய் மேல் மாவுப்பூச்சியை வளரவிட்டு வண்டுக்குத் தீனியாகக் கொடுப்போம். வண்டு பெருகியதும் விவசாயிகள் வாங்கிப்போய்த் தோட்டத்தில் விடுவார்கள். அங்கும் அது மாவுப்பூச்சியைத் தின்னும்.

போன மழையில் பூசணிக்காய்கள் அழுகிப்போயின. மாவுப்பூச்சியும் அழிந்தது. வேறு வழியில்லாமல், அரிசியில் விழும் அந்துப்பூச்சியின் முட்டையை வண்டுகளுக்குத் தூவினோம். ஆவலாகத் தின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் அவை இட்ட முட்டையைத்தான் காணோம். சரி, தோட்டத்து மாவுப்பூச்சியைத் தின்னவாவது செய்யுமே என்று, நெய்க்காரப்பட்டியில் கொய்யாத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு பெட்டி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வண்டு முட்டையிட்டது. இரண்டடி நகர்ந்தது. திரும்பி வந்து அதைத் தின்றது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இன்னொன்றும் அதையே செய்தது.

கூட வேலை செய்யும் பேகம்பூர் அக்கா, "என்ன தம்பி, பேயக் கண்ட மாதிரி நிக்கிற?" என்று கண்ணாடியை வாங்கினார். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது என்ன செய்யும் தம்பி? இம்புட்டு நாளா நாமதான முட்டையா ஊட்டுனோம். யாரு முட்டைன்னு பாத்தா திங்கும்?"

மாப்பிள்ளையிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. நெய்க்காரப்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

"ஏனுங்க மச்சான், வண்டுக்கு ஊட்டிவிட நேர்லயே வந்துட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பப் பெருகாதுங்களா? இந்தக் காயும் போச்சுன்னா தோட்டத்த விட்டுற வேண்டியதுதானுங்க."



சில நாள் கழித்துப் பயந்துகொண்டே மறுபடி போனேன். ஒரு கொய்யாக் கிளையில் மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சை ஊசியால் விலக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே இருந்த மாவுப்பூச்சி முட்டைகள் பாதிக்கு மேல் தின்னப்பட்டிருந்தன. நடுவில், அவற்றைவிடப் பெரிதாக, மஞ்சளாக ஒரு வண்டு முட்டை மட்டும் தொடாமல் கிடந்தது.

"என்னங்க மச்சான்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

கண்ணாடியை அவரிடம் நீட்டினேன்.