ஊ பெர்னார் சொன்ன நான்கு வாக்கியங்கள்

செய்தி எனக்கு நான்கு நாள் தாமதமாக வந்தது. யங்கோனின் லான்மடாவில் நான் இருக்கும் அறையில் அன்று காலையிலிருந்து மின்சாரம் இல்லை. விபிஎன் இணைப்பும் சில நாட்களாகக் கிடைக்கவில்லை. கீழ்க்கடைக்காரர் ஜெனரேட்டர் போட்ட நேரம் பார்த்துப் போய்க் கைப்பேசியைச் செருகினேன். பிரான்சிலிருந்து ஊ பெர்னாருடைய மகள் க்ளேர் எழுதியிருந்தாள். அப்பா செவ்வாய்க்கிழமை போய்விட்டார், வெள்ளிக்கிழமை அடக்கம் என்று இரண்டு வரி. நான் படித்தது சனிக்கிழமை. பதில் எழுதினேன். அது போய்ச் சேராமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தன்லியினில் இருந்த கண்ணாடி ஆலையில் வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆலையின் நிர்வாக இயக்குநர் பெர்னார். இந்த ஊர் மரியாதைப்படி முன்னால் ஓர் 'ஊ' சேர்த்து அவரை ஊ பெர்னார் ஆக்கியது நாம்தான். நான் ஐந்து வருடம் அவருடைய மொழிபெயர்ப்பாளர். அவர் பிரெஞ்சில் சொல்வதைப் பர்மிய மொழியிலும், உலைப் பகுதியில் பெரும்பாலோர் நம்மவர்கள் என்பதால் தமிழிலும் சொல்வது என் வேலை.

மறுநாள் பாலம் கடந்து தன்லியினுக்குப் போனேன். உலைப் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்த முருகையா அண்ணன் இப்போது அங்கே சைக்கா ரிக்‌ஷா மிதிக்கிறார். வண்டியை விட்டு இறங்காமலேயே கேட்டுக்கொண்டார். "பாவம் தங்கச்சி. நல்ல மனுசன்தான். ஆனா கடைசியில நம்மகிட்ட உண்மையச் சொல்லலியே" என்றார். நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஊ பெர்னார் சொன்னார், சொல்லாமல் விட்டது வேறு ஆள் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிரான்சின் வடக்கே, ஒரு கண்ணாடி ஆலையைச் சுற்றி எழுந்த சிறிய ஊரில் பிறந்தவர் அவர். அப்பா அந்த ஆலையில் உலைக்காரர். இவரும் பதினேழு வயதில் அங்கேயே பழுதுள்ள பாட்டில்களைப் பிரித்தெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நிறுவனம் படிக்க வைத்துப் பொறியாளராக்கியது. போலந்து, எகிப்து, வியட்நாம் என்று அனுப்பியது. பதவி உயர உயர அவருக்கென்று ஒரே வேலை ஒதுக்கப்பட்டது. நட்டத்தில் ஓடும் ஆலைகளை மூட வேண்டும். நான்கை மூடினார். நான்காவது, அப்பா வேலை பார்த்த ஆலை. அதற்குப் பிறகு அப்பா அவரோடு ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. "நான் விமானத்தை விட்டு இறங்கினாலே தொழிலாளர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்" என்று சிரித்தபடி சொல்வார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தபோது, ஒரே ஒரு புதிய உலையை ஏற்றிவிட்டுப் போகிறேன் என்று மேலிடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் யங்கோனுக்கு வந்தார்.

அவருக்கு இங்கே பிடிபடாதது ஒன்று இருந்தது. பர்மியர்கள் ஆனாடே என்பார்கள். எதிரில் இருப்பவர் மனம் கோணுமே என்று, சொல்லவேண்டியதை விழுங்கிக்கொள்வது. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் நமக்கும் அது ஊறிவிட்டது. ஒருமுறை பாரிசிலிருந்து நிறுவனப் பெரியவர்கள் வந்திருந்த சமயத்தில் உலைச் சுவரில் விரிசல் கண்டது. அவர்கள் முன்னால் சொன்னால் ஊ பெர்னாருக்குத் தலைகுனிவு என்று உலைக்காரர்கள் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. காற்றுக் குழாய் ஒன்றை இழுத்துவந்து விரிசலைக் குளிர்வித்துக்கொண்டே இருந்தார்கள். குழாய் கண்ணில் படாதிருக்க அதன்மேல் இடுப்பில் கட்டும் ஒரு லோஞ்சியைக் காயப்போட்டிருந்தார்கள். அந்த லோஞ்சி கொடி மாதிரி படபடத்ததில்தான் அகப்பட்டுக்கொண்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலையில் உலையடிக்கு வந்து, "இன்று எனக்கு எதைச் சொல்லாமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினார். முருகையா அண்ணன் யோசித்துவிட்டு, "சொல்லாம ஒண்ணும் இல்லைங்க. சொல்றதுக்கு நேரம் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னதும் ஊ பெர்னார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு நாட்டின் நிலைமை மாறியது. நிறுவனம் வெளியேறுவது என்று முடிவாயிற்று. வீட்டு அடுப்பைப் போல் உலையை அணைத்துவிட்டு வேண்டும்போது ஏற்ற முடியாது. உருகிய கண்ணாடியை முழுவதும் வடித்துவிட வேண்டும். ஆறும்போது சுவர்ச் செங்கல் பிளந்துவிடும். எரியும் உலையாகவே யாருக்காவது கைமாற்றலாம், கொஞ்ச காலம் பொறுங்கள் என்று அவர் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதற்கு ஒரே வரியில் பதில் வந்தது. அதை என் மேசையில் வைத்துவிட்டு, கோப்பில் சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

எல்லோரையும் உணவுக்கூடத்தில் கூட்டினார். என்ன பேசப்போகிறார் என்பதை முதல் நாளே எழுதி எனக்குக் காட்டியிருந்தார். நான்கு சிறிய வாக்கியங்கள். "எதையும் சேர்க்காதீர்கள், எதையும் குறைக்காதீர்கள்" என்றார். சரி என்றேன். அவர் பேசி முடித்ததும் எல்லாருடைய கண்களும் என் பக்கம் திரும்பின. கூட்டம் என்பதால் முருகையா அண்ணன் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். ஆலை முடிந்துவிட்டது என்று ஊ பெர்னார் சொல்லியிருந்தார். என் வாயில் வந்தது வேறு. இப்போதைக்கு உலையை வடிக்கிறோம், அடுத்து என்ன என்பதை நிறுவனம் தெரிவிக்கும் என்றேன். முதலில் பர்மிய மொழியில், பிறகு தமிழில். இரண்டாவது முறை சொல்லும்போதாவது திருத்தியிருக்கலாம்.

யாரும் அழவில்லை. விரிசல் விட்ட சுவர்தானே, செங்கல் மாற்றத்தான் வடிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். பழைய உலையை வடித்து, சுவரைப் புதிதாகக் கட்டி, மறுபடி ஏற்றுவது இந்தத் தொழிலில் உண்டு. அவர்கள் நம்பியதில் பிழையில்லை. ஊ பெர்னார் என்னிடம், "எவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள்" என்றார். ஆமாம் என்றேன்.

இரண்டு மாதம் ஆலைக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையில் நம்மவர்கள் தினமும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். யங்கோனின் இன்னொரு தொழிற்பகுதியான லைங் தாயாவில் ஒரு பாட்டில் ஆலையில் உலைக்காரர்கள் வேண்டும் என்று அழைப்பு வந்தது. நம்ம உலை இருக்கும்போது அங்கே எதற்கு என்று முருகையா அண்ணன் மறுத்துவிட்டார். அவர் பேச்சைக் கேட்டு மற்றவர்களும் போகவில்லை. அந்த இடங்கள் நிரம்பிவிட்டன. கடைசிக் காகித வேலைகளில் இருந்த ஊ பெர்னார் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, இவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

அவர் உடனே எழுந்தார். படியிறங்கி, சாலையைக் கடந்து கடைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். தனக்குத் தெரிந்த கொஞ்சம் பர்மிய மொழியில் அவரே பேசினார். "நெருப்பு செத்துவிட்டது. வராதீர்கள். அன்று நான் சரியாகச் சொல்லவில்லை. என் தவறு" என்றார். யாரோ மெல்ல, "இப்பத்தான் சொல்ல வந்துச்சா?" என்றார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை யங்கோனுக்குத் திரும்பும் வழியில் காரில் நான் பேசத் தொடங்கினேன். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"நான் போகிறவன். நீங்கள் இவர்களோடு இருக்கப்போகிறவர்."

அடுத்த வாரம் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கிருந்து இரண்டு முறை எழுதினார். இரண்டிலும் ஒரே கேள்வி: முருகையாவுக்கு வேலை கிடைத்ததா? இரண்டாம் முறை, கிடைத்துவிட்டது, உலை வேலையே கிடைத்துவிட்டது என்று எழுதினேன். நான் அனுப்பிய பதில் கிடைத்தபின் க்ளேர் மறுபடி எழுதியிருக்கிறாள்: அப்பா கடைசி மாதங்களில் அந்தக் கடிதத்தைப் பற்றி அடிக்கடி பேசினாராம். அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் சொல்ல இனி வழியில்லை. நம்மிடம் சொல்ல மட்டும் வழியிருக்கிறது.

முருகையா அண்ணன் இதைப் படித்தபின் என்னிடம் பேசாமல் போகலாம். அது அவர் உரிமை. நம் பர்மிய நண்பர்களுக்கு அவர்கள் மொழியில் தனியாக எழுதுகிறேன். ஊ பெர்னாருடையவை என்று என்னிடம் தங்கிவிட்டவை, உங்களிடம் சேர்க்கச் சொல்லி அவர் கொடுத்து நான் சேர்க்காத அந்த நான்கு வாக்கியங்கள்தாம். சேர்க்காமலும் குறைக்காமலும் இங்கே தருகிறேன்.

இந்த உலை இனி எரியாது. இன்றே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். யார் எதைச் சொன்னாலும் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். என் அப்பா செய்த வேலையை நீங்கள் அவரைவிட நன்றாகச் செய்தீர்கள்.