சம்பந்தியம்மாவுக்கு ஒரு டிரைஃபிள்

என் மகன் பினாங்கில், பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். கம்பெனி அவனை ஒரு வருடம் இங்கிலாந்துக்கு அனுப்பியது. திரும்பி வரும்போது கல்யாணப் பேச்சோடு வந்தான். பெண் அந்த ஊர் வெள்ளைக்காரி; தங்கமானவள், எனக்கு மறுப்பே இல்லை. மறுப்பு அவளுடைய அம்மாவுக்குத்தான். ஒரே மகளை இவ்வளவு தூரத்தில் விடலாமா என்று நேரில் பார்த்து முடிவு சொல்ல, மகளையும் கூட்டிக்கொண்டு பினாங்குக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் சாப்பாடு. என் மகனின் கல்யாணம் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

கோழிக்கறியில் எனக்குப் பயமில்லை. அம்மாவுக்கு டிரைஃபிள் என்றால் உயிர் என்று அந்தப் பெண் போனில் சொன்னதுதான் வினை. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், செய்து அசத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அது என்ன பண்டம் என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். ஆரம்பத்தில் வெறும் பாலேட்டில் சர்க்கரை, இஞ்சி, பன்னீர் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். அப்புறம் யாரோ ஒரு கெட்டிக்காரி, காய்ந்துபோன கேக்கைத் தூக்கிப் போட மனசு வராமல் ஒயினில் ஊறவைத்து, மேலே கஸ்டர்டை ஊற்றியிருக்க வேண்டும். மீந்த இட்லியை உதிர்த்துத் தாளிக்கிறோமே, அதே புத்திதான். பிறகு பழம், ஜெல்லி என்று மாடிமேல் மாடி கட்டிவிட்டார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் செய்வதே அந்த மாடிகள் வெளியே தெரியத்தான்.

ஷெர்ரி என்ற ஒயின் வேண்டுமாம். எங்கள் வீட்டில் ஷெர்ரி வாங்கினால் அது கேக் வரைக்கும் போகாது. வழியில் என் கணவர் இருக்கிறார். அதனால் ரோஸ் சிரப்பில் ஊறவைத்தேன். ஜெல்லிக்குப் பதில் சிவப்பு அகார் அகார். அதன்மேல் மாம்பழம், மஞ்சள் கஸ்டர்டு, வெள்ளைக் கிரீம். போகும்போதும் வரும்போதும் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். பன்னிரண்டு என்றால் ஒன்றரை என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். கிண்ணத்தை மேசையில் வைத்து அழகு பார்த்துவிட்டு, சேலை மாற்ற உள்ளே போனேன். திரும்பி வந்தால், என் கணவர் குழம்புக் கரண்டியை விட்டு அடியோடு கிண்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க?"

"கலக்குறேன்லா. சிரப் எல்லாம் அடியில நிக்குது. ஐஸ் காச்சாங்கை கலக்காம யாராச்சும் சாப்புடுவாங்களா?"

அதில் நியாயம் இருந்தது. சிரப் ஊற்றிய பனித்தூள் ஐஸ் காச்சாங்கோ வேறெதுவோ, பினாங்கில் அடுக்கடுக்காக எது வந்தாலும் கலக்கிவிட்டுத்தான் வாயில் வைப்போம். ஆனால் நியாயம் பார்க்கிற நிலையிலா நான் இருந்தேன்? மாடியெல்லாம் இடிந்து, இளஞ்சிவப்புச் சேற்றில் அகார் அகார் மிதந்தது. கரண்டியைப் பிடுங்கி, அதை ஆட்டி ஆட்டித் திட்டினேன்.

"மண்டையில மூளைதான் இருக்கா உங்களுக்கு? புள்ள கல்யாணத்தையே கிண்டிட்டீங்களே! கண்ணாடிக் கிண்ணத்துல எதுக்கு வச்சேன், உங்க மூஞ்சிய பாக்கவா?"

அவர் என் கையிலிருந்த கரண்டியில் வழிந்ததை ஒரு விரலால் தொட்டு நக்கி, "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் யாரோ இருமினார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே என் மகன், அந்தப் பெண், அவளுடைய அம்மா. மணி சரியாகப் பன்னிரண்டு.

சாப்பாடு முடியும்வரை சம்பந்தியம்மா அதிகம் பேசவில்லை. கோழியைப் புகழ்ந்தார், அவ்வளவுதான். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தச் சேற்றைப் பரிமாறினேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவ்வளவு திட்டியும் உங்கள் கணவருக்குக் கோபம் வரவில்லை. எப்போதுமே இப்படித்தானா?"

"கல்யாணமான நாளிலிருந்தே" என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என் மகளுக்கும் என்னைப் போல வாய் அதிகம். அவளுடைய அப்பாவால் என் வாயைத் தாங்க முடியவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார். தூரம்கூடப் பெரிதில்லை, எனக்கு அந்தப் பயம்தான். உங்கள் மகன் எப்படி? தாங்குவாரா?"

என் மகன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

"நீ சும்மா இரு!" என்று அந்தப் பெண் அவன்மேல் பாய்ந்தாள். "உன்னையா கேட்டார்கள்? உன் அம்மாவை அல்லவா கேட்கிறார்கள்!"

அவன் வாயை மூடிக்கொண்டான். அதோடு நிற்காமல், அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்தை எந்த மாதத்தில் வைக்கலாம் என்று கேட்டார்.